நெய்னா பக்கத்துக் கறி

செம்பவாங் கடலோரத்தில் இருந்த அந்தக் கப்பல் பட்டறையில் மூன்றாம் நம்பர் கிரேன் என்றால் அது நெய்னா முகம்மதுவின் கிரேன். முதலாளி வேறு யாரோ. இருந்துவிட்டுப் போகட்டும். பன்னிரண்டு வருசமாக அதன் கூண்டில் உட்கார்ந்து இரும்புத் தகட்டையும் எஞ்சினையும் தூக்கி இறக்குகிறவர் அவர்தான். கொக்கியில் முட்டையைக் கட்டிவிட்டாலும் உடையாமல் இறக்குவார் என்று பட்டறையில் சொல்வார்கள். யாரும் கட்டிவிட்டுப் பார்த்ததில்லை.

கூண்டு ஆறு மாடி உயரத்தில் இருந்தது. மேலே போக இரும்பு ஏணி ஒன்றுதான் வழி. சுவரில் அறைந்தது போல நெட்டுக்குத்தாக நிற்கும். ஏறுகிறவன் மல்லாந்து விழாமலிருக்க முதுகுப் பக்கம் இரும்பு வளையங்கள் போட்டிருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நெய்னா அந்த வளையங்களுக்குள் பல்லி மாதிரி ஏறிப் போனவர். 1983-இல் அதே வளையங்கள் அவர் முதுகைத் தேய்த்தன. பாதி ஏணியில் நின்று மூச்சு வாங்குவார். கீழே இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாதென்று, கடலை ரசிப்பவர் போல, அக்கரையில் தெரியும் மலேசியாவின் ஜொகூர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கீழே நிற்கிற பெர்னார்டிடம் இதெல்லாம் செல்லுபடியாகாது. பெர்னார்டு மூன்றாம் நம்பரின் சிக்னல்காரர். சுமையைக் கட்டியதும் தூக்கு, திருப்பு, மெல்ல இறக்கு என்று மேலே இருப்பவருக்குக் கையால் காட்டுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஓஃபிர் ரோடு மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டால் அந்த வாரம் முழுக்கக் கெட்ட வார்த்தை பேசுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தார். திங்கட்கிழமை முதல் சுமை ஏறுவதற்குள் சத்தியம் போய்விடும்.

"என்னா பாய், பாதி வழியில நின்னு மலேசியாவை விலை பேசுறியா?" என்று கீழிருந்து கத்துவார்.

"காத்து வாங்குறேன் லா!"

"காத்து மேல இருக்கு. ஏறு!"

முந்தின வருசம் இரண்டாம் நம்பர் கிரேனை ஓட்டிய சீனர், சுமை அந்தரத்தில் தொங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நல்ல காலம், சுமை நின்ற இடத்தில் நின்றது. ஆளும் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் நிர்வாகம் விழித்தது. உயரத்தில் வேலை செய்கிற எல்லாரையும் டாக்டர் சோதித்தார். நெய்னா தராசில் ஏறியபோது முள் நூற்றுப் பன்னிரண்டு கிலோவில் போய் நின்றது. ரத்த அழுத்தமும் கூடுதல்.

"ஜூலைக் கடைசியில் திரும்பப் பார்ப்பேன். நூறுக்குக் கீழே வர வேண்டும். வரவில்லையென்றால் கிரேனில் உட்கார விடமாட்டேன்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கிரேன் இல்லையென்றால் ஸ்டோர். ஸ்டோர் என்பது தகரக் கூரைக்குக் கீழே ஜன்னலில்லாத அறை. கேட்கிறவனுக்கு ஆணியும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். கடலையும், அக்கரையையும், காலடியில் கப்பலின் முதுகையும் பார்த்துப் பழகிய மனிதருக்கு அது உயிரோடு கபுர்க் குழிக்குள் போய் உட்காருவது மாதிரி.

எடை கூடியவர்களுக்காகப் பட்டறையில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பட்டறை மருந்தகத்தின் நர்ஸ் லிம் மிஸ்ஸிதான் பொறுப்பு. ஒல்லியான சீன அம்மாள். மலாய் நன்றாகப் பேசுவார். வெள்ளிக்கிழமை தோறும் கேன்டீனில் தராசைக் கொண்டுவந்து வைப்பார். முதல் கூட்டத்திலேயே எல்லாருக்கும் ஒரு வேலை கொடுத்தார்.

"எடை தனியா இறங்காது. நீங்க யாரோட உட்கார்ந்து சாப்பிடுறீங்களோ அவங்களும் சேர்ந்தாத்தான் இறங்கும். அவங்களைக் கூட்டிட்டு வாங்க. நான் பேசறேன்" என்று மலாயில் சொன்னார்.

சீனர்கள் மனைவிமாரைக் கூட்டி வந்தார்கள். ஒரு மலாய் வெல்டர் மாமியாரையே கூட்டி வந்தார். அந்த அம்மாள் கையில் ஒரு டப்பா பலகாரமும் வந்தது. நெய்னா யாரையும் கூட்டி வரவில்லை.

"என்சே நெய்னா, நீங்க யாரோட சாப்பிடுறீங்க?" என்று மலாய் மரியாதையோடு கேட்டார் மிஸ்ஸி.

"தனியாத்தான் மிஸ்ஸி."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெர்னார்டுக்குத் தேத்தண்ணீர் புரையேறியது. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"தனியாவா? ஞாயித்துக்கிழமையானா டன்லப் ஸ்ட்ரீட்ல ஒரே தட்டுல நாலு பேர் கையைப் போட்டுத் தின்னுட்டு, தனியாவா?"

"நீ வாயை மூடு. டன்லப் ஸ்ட்ரீட்காரங்களுக்கு இது தெரிய வேணாம்."

"மூடிக்கிறேன். மேல நீ மயங்கி விழுந்தா கீழ நான் சட்னி. அதை மட்டும் ஞாபகத்துல வச்சுக்க."

டன்லப் தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேலே கீழக்கரைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஓர் அறை வைத்திருந்தார்கள். ஞாயிறு மதியம் அங்கே சமையல் நடக்கும். பாயை விரித்து, நடுவில் சஹன் வைப்பார்கள். சஹன் என்பது அகலமான பெரிய தட்டு. ஒரு சஹனுக்கு நான்கு பேர், அவரவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட வேண்டும். நெய்ச்சோறு, நடுவில் கறி, ஓரத்தில் தால்ச்சா.

சஹனுக்கென்று மரியாதைகள் உண்டு. தனக்கு முன்னால் இருக்கிற சோற்றைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீட்டுவது அசிங்கம். நல்ல கறித் துண்டு கண்ணில் பட்டால் அதை அடுத்தவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். ஒருவர் கையை எடுத்துவிட்டால் மற்றவர்களும் எடுத்துவிட வேண்டும். ஆகவே, பசியோடு ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது யாரும் முதலில் கையை எடுக்க மாட்டார்கள். சாப்பாட்டின் நடுவில் ஒருவர் கையை எடுத்தால் அவருக்கு ஏதோ மனவருத்தம் என்றுதான் பொருள்.

நெய்னாவின் சஹனில் நிரந்தரமாக உட்காருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஒலி முகம்மது. சிராங்கூன் சாலையில் தையற்கடையில் துணி வெட்டுகிறவர், கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை. இன்னொருவர் அப்துல் முத்தலிப். எல்லாருக்கும் மூத்தவர், கேம்பல் லேனில் கடைகளுக்கு முன்னால் ஐந்தடிப் பாதையில் பத்திரிகையும் வெற்றிலையும் விற்கிறவர். குடும்பம் ஊரில். வார நாளில் ரொட்டியும் பருப்பும்தான் அவர் சாப்பாடு. ஞாயிறு ஒரு நாள்தான் வயிறு நிறையும். நான்காவது இடத்தில் வருகிற விருந்தாளி யாராவது உட்காருவார்.

அந்த அறையில் நெய்னாவுக்குப் பெயரே 'கிரேன் நெய்னா'. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களிடம், "இவர் கையை அசைச்சா கப்பலே அசையும்" என்று ஒலி முகம்மது அறிமுகப்படுத்துவார். அப்படிப்பட்ட இடத்தில், தின்று தின்று பெருத்துப் போனதால் என்னைக் கிரேனிலிருந்து இறக்கப் போகிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது? நெய்னா சொல்லவில்லை. உட்லண்ட்ஸ் வீட்டில் மனைவி சம்சுன்னிசாவிடம்கூட, "டாக்டர் கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடச் சொன்னார்" என்று மட்டும் சொன்னார். கிரேன் போகும் என்பதைச் சொல்லவில்லை.

தானாகவே சமாளித்துவிடலாம் என்று நினைத்தார். அந்த ஞாயிறு, பத்துப் பிடி சாப்பிட்டதும் கையை எடுத்துவிட்டார்.

ஒலி முகம்மதுவும் முத்தலிப்பும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவர்களும் கையை எடுத்தார்கள்.

"காக்கா, நீங்க சாப்பிடுங்க" என்று நெய்னா முத்தலிப்பிடம் சொன்னார். கீழக்கரைப் பேச்சில் காக்கா என்றால் அண்ணன்.

"இல்ல தம்பி. எனக்கும் நிறைஞ்சிருச்சு" என்றார் முத்தலிப். சஹனில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறு ஒலி முகம்மது, "என்ன மச்சான், உட்லண்ட்ஸ்ல ரெண்டாவது அடுப்பு ஏதும் பத்த வச்சிருக்கியா?" என்று சீண்டிப் பார்த்தார். நெய்னா சிரிக்கவில்லை. முத்தலிப் வலது கையைத் துண்டால் துடைத்துத் துண்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். வாரமெல்லாம் காத்திருந்து வந்த மனிதர் அரை வயிற்றோடு எழுந்து போகிறார். கையை எடுத்தால் இவர் பட்டினி. எடுக்காவிட்டால் கிரேன் போகும். இரண்டுக்கும் நடுவில் நிற்க முடியாமல், ஓவர்டைம் என்று பொய் சொல்லி டன்லப் தெருவுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

போகாமல் இருந்ததில் லாபம் ஒன்றுமில்லை. ஞாயிறு முழுக்க வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கிற கை பலகார டப்பாவைத் தேடிப் போகும். இறங்கின இரண்டு கிலோவும் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தது.

அதற்குள் நோன்பு மாசம் பிறந்தது. நெய்னாவுக்கு உயிர் வந்தது.

"இனி பார்த்துக்க பெர்னார்டு. ஒரு மாசம் பகல் முழுக்கத் தண்ணிகூடக் கிடையாது. தானா இறங்கிடும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. எங்க தவக்காலத்துல எனக்கு ஏறத்தான் செஞ்சிருக்கு."

நெய்னா அதைக் காதில் வாங்கவில்லை. பகலெல்லாம் கூண்டுக்குள் வெயிலில் வதங்கினார். மாலையில் வீட்டுக்கு வந்தால் பள்ளிவாசலில் வாங்கி வைத்த நோன்புக் கஞ்சி, பேரீச்சம்பழம், வடை, சமோசா, ரோஜா சர்பத். இரவு தராவீஹ் தொழுதுவிட்டு வந்தால் நெய்ச்சோறு. வேண்டாம் என்று கையை ஆட்டினால் சம்சுன்னிசா விடமாட்டார்.

"பகலெல்லாம் பட்டினி கிடந்த மனுசன். இதையும் சாப்பிடலேன்னா நான் எதுக்கு அடுப்படியில நிக்கிறேன்?"

விடிவதற்கு முன்னால் சஹர் நேரத்தில் இன்னொரு முறை. பகலில் பசித்ததால் எடை இறங்குகிறது என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த மாசம் தராசுப் பக்கமே போகாதவர், பெருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஏறினார். நூற்றுப் பதின்மூன்று.

லிம் மிஸ்ஸி குனிந்து முள்ளை இன்னொரு தடவை பார்த்தார்.

"என்சே நெய்னா, புவாசாவுலயுமா ஏறும்?"

நோன்பிலுமா என்று அவர் கேட்டதும் கேன்டீனே சிரித்தது. மலாய் வெல்டர் கையைத் தூக்கி, "எனக்கும் ஏறியிருக்கு மிஸ்ஸி, அவரை மட்டும் திட்டாதீங்க" என்றார். சிரிப்பு இன்னும் கூடியது. நெய்னா தராசிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

பெருநாள் முடிந்த ஞாயிறு பெர்னார்டு நேராக உட்லண்ட்ஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். லிஃப்ட் ஐந்தாவது மாடியில்தான் நிற்கும். ஏழாவது மாடிக்கு இரண்டு மாடி ஏறி வந்த கோபம் முகத்தில் இருந்தது.

"எனக்குப் பெருநாள் விருந்து எங்க?"

"உட்காரு. போடச் சொல்றேன்."

"இங்க வேணாம். டன்லப் ஸ்ட்ரீட்ல வேணும். சட்டையைப் போடு."

பெருநாள் விருந்து கேட்டு வந்தவனை இல்லையென்று சொல்ல முடியாது. 170 பஸ்ஸைப் பிடித்து இருவரும் போனார்கள்.

அறையில் எல்லாரும் கையோடு கை கோத்து முஸாஃபஹா செய்து வரவேற்றார்கள். முத்தலிப் மட்டும் கையை நீட்டாமல் சலாம் சொன்னார். பெர்னார்டு நான்காவது ஆளாகச் சஹனில் உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லித் தொடங்கினார்கள். ஒலி முகம்மது ஒரு நல்ல நெஞ்சுக் கறியை விருந்தாளி பக்கம் தள்ளினார். பெர்னார்டு அதை மறு பேச்சில்லாமல் வாயில் போட்டுக்கொண்டார். நெய்னா எண்ணி எண்ணிப் பத்துப் பிடி உண்டார். கையை எடுத்தார். ஒலி முகம்மது எடுத்தார். முத்தலிப் எடுத்தார்.

பெர்னார்டின் கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

"என்னா, எல்லாரும் முடிச்சாச்சா? நான் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்!"

"நீங்க சாப்பிடுங்க. எங்க வழக்கம் அப்படி. ஒருத்தர் கையெடுத்தா மத்தவங்களும் எடுத்துருவோம்" என்றார் ஒலி முகம்மது.

பெர்னார்டு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். விசயம் அவருக்குப் பிடிபட்டது.

"அட கொடுமையே. அப்ப இவன் எடை இறங்கறதுக்கு நீங்க எல்லாம் பட்டினியா?"

"என்ன எடை?"

"பெர்னார்டு!" என்றார் நெய்னா.

"நீ சும்மா இரு பாய். சட்னி ஆகப் போறது நான்." பெர்னார்டு கையைக்கூடக் கழுவாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டாக்டர், நூறு கிலோ, ஜூலைக் கடைசி, ஸ்டோர், லிம் மிஸ்ஸி சொன்னது, நெய்னா தனியாகச் சாப்பிடுவதாகச் சொன்ன பொய், எல்லாம்.

நெய்னா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஒலி முகம்மது ஏதாவது கேலி பேசப் போகிறார் என்று காத்திருந்தார். அவர் பேசவில்லை. பேசியவர் முத்தலிப்.

"எடைதானா தம்பி?"

"ஆமா காக்கா."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்ன?"

முத்தலிப் துண்டுக்குள்ளிருந்து வலது கையை எடுத்துப் பார்த்தார். புறங்கையில் வெள்ளைத் திட்டுகள். இரண்டு வருசமாக இருந்தது, அந்த வருசம் விரல் வரைக்கும் பரவியிருந்தது. "இதைப் பார்த்துத்தான் நீங்க கையை எடுத்துக்கறீங்கன்னு நெனச்சேன். என்கூட ஒரே சஹன்ல கை போட அருவருப்பா இருக்குன்னு. அப்புறம் வர்றதையே விட்டுட்டீங்க. டாக்டர் ஒட்டாதுன்னு சொல்லியிருக்கார் தம்பி. அதை எப்படி நானா வந்து உங்ககிட்டச் சொல்றது? அடுத்த வாரத்துலேருந்து தனித் தட்டுல சாப்பிட்டுக்கறேன்னு இவன்கிட்டச் சொல்லியிருந்தேன்."

ஒலி முகம்மது தலையை ஆட்டினார்.

தன் வெட்கத்தை மறைக்கப் போய் இந்த மனிதரை இரண்டு மாசமாக என்ன நினைக்க வைத்திருக்கிறோம் என்று நெய்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சமாதானம் சொல்லத் தெரிந்த ஆளில்லை அவர். திரும்பவும் சஹனுக்குள் கையை விட்டார். தன் பக்கத்தில் அல்ல. சோற்றைத் தாண்டி, முத்தலிப் விரல் பட்ட இடத்துக்கே போய், அவர் பிசைந்து வைத்திருந்த சோற்றில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார். சஹனில் உட்கார்ந்தவன் செய்யவே கூடாத காரியம்.

முத்தலிப்பும் கையை நீட்டினார். நெய்னாவின் பக்கத்தில் கிடந்த பெரிய கறித் துண்டை எடுத்துக்கொண்டார்.

"அப்ப இது என் பங்கு. நூறு கிலோ ஆகிற வரைக்கும் உங்க பக்கத்துக் கறி எல்லாம் என் பங்கு" என்றார்.

"எலும்பு எனக்கு" என்றார் ஒலி முகம்மது.

"நான் விருந்தாளி. எனக்கு என்ன கிடைக்குதோ தள்ளுங்க" என்றார் பெர்னார்டு.

அன்றைக்கு ஏற்பட்ட வழக்கம் இதுதான். நெய்னா தன் பத்துப் பிடியோடு நிறுத்திக்கொள்வார், ஆனால் கையைச் சஹனிலிருந்து எடுக்க மாட்டார். மற்றவர்கள் உண்டு முடிக்கிற வரைக்கும் சோற்றுக்குள்ளேயே விரலை வைத்துக்கொண்டு, உருட்டிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருப்பார். அவர் கை தட்டில் இருக்கிறவரைக்கும் மற்றவர்கள் மரியாதைக் குறைவில்லாமல் வயிறாரச் சாப்பிடலாம். சொல்லும்போது சுலபம். நெய்யில் வழுக்கும் சோற்றுக்குள் விரல் கிடக்க, ஏலக்காய் வாசனை மூக்கில் ஏற, ஒரு பருக்கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கண்டெய்னரை அந்தரத்தில் பிடித்து நிறுத்துவதைவிட அது கஷ்டம் என்று நெய்னா சொல்வார்.

அடுத்த சனிக்கிழமை பட்டறை மருந்தகத்தில் லிம் மிஸ்ஸி முன்னால் சஹனில் உட்கார்ந்த நான்கு பேரும் போய் நின்றார்கள். சம்சுன்னிசாவும் வந்திருந்தார். வரும் வழியில்தான் கிரேன் போகப் போகிற கதை அவருக்குத் தெரிய வந்தது. பஸ்ஸிலேயே புருசனைப் பிடித்து உலுக்கியிருந்தார்.

"இவங்கதான் நான் கூடச் சாப்பிடற ஆளுங்க மிஸ்ஸி" என்றார் நெய்னா.

"தனியாச் சாப்பிடறேன்னு சொன்னீங்க?"

"இவர் பங்கை நாங்க திருடிக்கறோம் மிஸ்ஸி. இனிமே தனியா விடமாட்டோம்" என்றார் ஒலி முகம்மது தனக்குத் தெரிந்த மலாயில்.

லிம் மிஸ்ஸி சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தானே. மத்த ஆறு நாள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாரும் சம்சுன்னிசாவைப் பார்த்தார்கள்.

புருசன் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிடுவதுதான் சம்சுன்னிசாவின் பழக்கம். அன்று இரவு முதல் அவர் ஒரே தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். எதிரில் உட்கார்ந்தார். "இருக்கிறது இவ்வளவுதான். நீங்க கூட எடுத்தா எனக்குக் குறையும்" என்றார். நெய்னா அதற்கு மேல் எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெர்னார்டு அவரைப் பட்டறை மதிலோரமாக நடக்க வைத்தார். நடந்துகொண்டே பெர்னார்டு திட்டுவார். திட்டுக்கு நடந்தால் களைப்புத் தெரியாது.

ஆனாலும் ஜூலை முடிய இருந்த நாள் போதவில்லை. தராசு நூற்றெட்டுக் காட்டியது. டாக்டர் முடியாது என்று தலையசைத்தார். பின்னால் நின்ற லிம் மிஸ்ஸி, இறங்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துச் சொன்னார். மூன்று மாசம் ஸ்டோரில் இருக்கட்டும், கிரேனுக்கு மாற்று ஆள் போடலாம், அக்டோபர் கடைசியில் மறுபடி பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அதுதான் கடைசித் தவணை.

நெய்னா ஸ்டோருக்குப் போனார். மூன்றாம் நம்பரில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்தான். சுமை இறங்கும் சத்தம் தகரச் சுவரைத் தாண்டிக் கேட்கும்போதெல்லாம், வேகமாக இறக்குகிறானே என்று நெய்னாவின் கை தானாக லீவரைப் பிடிக்கிற மாதிரி மடங்கும். கையில் போல்ட்தான் இருக்கும்.

செப்டம்பரில் ஓர் ஊர்க்காரர் வீட்டுக் கல்யாணம். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வெற்றுத்தளத்தில் பாய் விரித்துச் சஹன் வைத்தார்கள். நெய்னாவின் சஹனில் நான்காவதாக உட்கார்ந்தவர் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், இவர்களைத் தெரியாதவர். சாப்பாடு தொடங்கி ஐந்து நிமிசம் ஆவதற்குள் அவர் முகம் சுருங்கிவிட்டது. வெள்ளை படர்ந்த கைக்காரர் பக்கத்து மனிதர் பங்கிலிருந்து கறியை எடுக்கிறார். மற்றவர் எலும்பை இழுக்கிறார். பறிகொடுத்த மனிதரோ வாயைத் திறக்காமல் சோற்றைத் தடவிக்கொண்டிருக்கிறார். பெரியவருக்குப் பொறுக்கவில்லை. தன் பக்கத்துக் கறியை எடுத்து நெய்னா பக்கம் தள்ளினார். முத்தலிப் அதையும் எடுத்துக்கொண்டார்.

"இது என்னங்க அநியாயம்? பகல் கொள்ளையா இருக்கு!" பெரியவர் குரலை உயர்த்திவிட்டார். பக்கத்துச் சஹன்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

முத்தலிப்பின் கை பாதியில் நின்றது. மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது. மறுபடி துண்டுக்குள் போகப் போகிறது என்று நெய்னாவுக்குத் தெரிந்தது.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார் நெய்னா. எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "நான் கிரேன் ஓட்டுறவன். எடை கூடிப் போச்சுன்னு என்னை இறக்கி ஸ்டோர்ல போட்டிருக்காங்க. அடுத்த மாசத்துக்குள்ள நூறுக்குக் கீழ வரலேன்னா கிரேன் போயிடும். இவங்க எடுக்கலேன்னா நான் தின்னுருவேன். என்னால நிறுத்த முடியாது. அதனாலதான் எடுக்கறாங்க. காக்கா, எடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் தாடியைத் தடவினார். தன் முன்னால் கிடந்த நெஞ்சுக் கறியைப் பார்த்தார். அதை எடுத்து முத்தலிப் பக்கம் வைத்தார்.

கை கழுவுகிற இடத்தில் பருத்த ஆள் ஒருவர் நெய்னாவிடம் வந்து, துறைமுகத்தில் வேலை என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "அந்த மிஸ்ஸி வெளியாளுக்கும் சொல்லித் தருவாங்களா?"

"முதல்ல நீங்க யாரோட சாப்பிடறீங்கன்னு சொல்லுங்க" என்றார் நெய்னா. "பொய் சொல்லாதீங்க. அதனால எனக்கு மூணு மாசம் வீணாப் போச்சு."

அக்டோபர் கடைசியில் தராசு தொண்ணூற்றொன்பதைத் தொட்டு, கொஞ்சம் ஆடி, அங்கேயே நின்றது. அழுத்தமும் இறங்கியிருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். முகத்தில் சிரிப்பில்லை, மாசம் ஒரு முறை வந்து நிற்க வேண்டும், ஏறினால் மறுபடி இறக்குவேன் என்றார். நெய்னா சரியென்றார். இது ஒரு நாளில் முடிகிற காரியமில்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஸ்டோர் சாவியைக் கொடுத்துவிட்டு நேராக மூன்றாம் நம்பருக்கு நடந்தார்.

ஏணியில் ஒரு தடவை நின்றார். கடலைப் பார்ப்பதாகப் பாவனை எதுவும் செய்யவில்லை. மூச்சு வாங்கினார், ஏறினார். கூண்டுக்குள் நாற்காலியைச் சின்னப் பையன் தன் வாகுக்கு லீவருக்கு நெருக்கமாக இழுத்து வைத்திருந்தான். முன்பெல்லாம் நாற்காலித் தடத்தின் கடைசிப் பள்ளம் வரைக்கும் பின்னால் தள்ளினால்தான் நெய்னாவின் வயிறு உள்ளே அடங்கும். அடியில் கையை விட்டு நாற்காலிக் கொண்டியைத் தூக்கி, பழக்கத்தில் கடைசி வரைக்கும் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். லீவர் எட்டவில்லை. எழுந்து இரண்டு பள்ளம் முன்னால் இழுத்தார். உட்கார்ந்து பார்த்தார். கை சரியாகப் போய் லீவரில் விழுந்தது.

"மேல என்னா பண்றே? தூங்கிட்டியா?" என்று பெர்னார்டு கத்தினார். இரும்புத் தகட்டுக் கட்டு ஒன்று கொக்கியில் மாட்டித் தயாராக இருந்தது. அதற்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, கட்டை விரலை மேலே காட்டினார்.

நெய்னா மெல்லத் தூக்கினார்.